நானூறு மூட்டையும் ஐந்து வோல்ட்டும்

எங்கள் வீட்டில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், உடனே எந்தச் சுவிட்சையும் போடக் கூடாது என்பது என் சட்டம். பத்து வரை எண்ண வேண்டும். மருமகள் மிக்சி முன்னால் நின்றுகொண்டு, "மாமா, எண்ணி முடிச்சாச்சா?" என்று கேட்பாள். கேலிதான், தெரியும். மின்சாரம் நிலைக்கும்வரை பொறுக்க வைக்கிற காவல் இப்போதைய கருவிகளுக்கு உள்ளேயே இருக்கிறது, அரிசியை விடச் சின்னதாக. அதுவும் தெரியும். ஆனாலும் எண்ணுகிறேன். பத்து எண்ணுவதால் யாருக்கு என்ன நஷ்டம்?

நான் எதையும் எண்ணுகிறவன். இந்த வீட்டுப் படிகள் பதினேழு. இரத்த அழுத்த மாத்திரையில் மிச்சம் நாற்பத்தொன்று. நேற்று நாற்பத்திரண்டு இருந்திருக்க வேண்டும், இருந்தது. அந்த நாளில் தூத்துக்குடி மில்லர்புரத்திலிருந்து துறைமுகத்துக்குச் சைக்கிளில் போகையில் விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டே போவேன். ஒன்று குறைந்தால் அன்று முழுக்க மனசு சரியிருக்காது. இப்படிப்பட்ட நான்தான், எண்ணிக்கையில் ஒருபோதும் பிசகாத ஒரு மனிதரைத் திருடர் என்று மற்றவர்கள் சொல்லும்படி ஒரு கையெழுத்துப் போட்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. புதுத் துறைமுகம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. உப்பைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிற ஒரு கம்பெனியில் கருவிப் பிரிவு என் பொறுப்பு. பிரிவு என்றால் நான், இரண்டு மேசை, ஒரு சால்டரிங் அயர்ன், அப்புறம் நாசரேத்திலிருந்து வந்த ஒரு பெண். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள், இருபத்து நான்கு வயது. பேச்சு குறைவு. சர்க்யூட் போர்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள், மருத்துவர் எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி. எட்டு மாதத்தில் அவள் சால்டர் வைத்த இடம் ஒன்றுகூட விட்டுப்போனதாக நான் கண்டதில்லை. நான் பார்க்காமல் விட்டிருப்பேன் என்று நினைக்க வேண்டாம்.

கிட்டங்கியில், அதாவது எங்கள் சரக்குக் கிடங்கில், அடுக்கிய உப்பு மூட்டைகள் ஒரு பெல்ட்டில் ஏறி வெளியே நிற்கும் லாரிக்குப் போகும். ஒரு லாரிக்கு நூறு மூட்டை. லாரி கப்பலடிக்குப் போகும். பெல்ட்டின் முனையில் நின்று மூட்டைகளை எண்ணுகிறவர் டாலி கிளார்க். கடற்கரைத் தெருக்காரர், வேதக்காரர் என்று ஊரில் சொல்கிற கிறிஸ்தவர், ஐம்பதைத் தாண்டியவர். கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது கரையில் உட்கார்ந்து சிப்பி எண்ணியவர் என்று சொல்வார்கள். முதல் மூட்டையை "ஒன்று" என்று சொல்லமாட்டார், "லாபம்" என்பார். அப்புறம் "ரெண்டு, மூணு". அதைச் சத்தமாகவும் சொல்லமாட்டார், உதடு மட்டும் அசையும்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. சட்டையின் இடது பையில் பத்து முத்துச் சிப்பி ஓடுகள். நூறு மூட்டை ஆனதும் ஒரு ஓட்டை எடுத்து வலது பையில் போடுவார். பத்தும் மாறினால் புத்தகத்தில் ஆயிரம் என்று எழுதி, ஓடுகளை மறுபடி இடது பைக்குக் கொண்டுவருவார். நடுவில் யாராவது கூப்பிட்டாலோ, கிரேன் சத்தம் போட்டாலோ, மூட்டை சரிந்தாலோ, முதலில் அவர் இடது கை சட்டைப் பையை மூடும். அதே நேரம் வலது கை மேலே போகும். கை மேலே போனால் பெல்ட் நிற்க வேண்டும். சத்தம் அடங்கினதும் கையை இறக்கிவிடமாட்டார். அடங்கினது நிஜமாகவே அடங்கினதுதானா என்று கொஞ்ச நேரம் பார்ப்பார். அப்புறம்தான் கை இறங்கும்.

சுமைக்காரர்களுக்கு அது வேடிக்கை. "ஆரம்பிச்சிட்டாரு வே. பூச வைக்கப் போறாரு," என்பான் ஒருவன்.

"நீ தூக்குத மூட்டைய நீ ஒழுங்காத் தூக்குலே. எண்ணுதத நான் எண்ணிக்கிடுதேன்," என்பார் அவர், கையை இறக்காமலே.

அந்த வருஷம் எங்களுக்குப் பெங்களூரிலிருந்து ஒரு எண்ணும் கருவி வந்தது. சாம்பல் நிறப் பெட்டி, முகப்பில் நான்கு சிவப்பு எண்கள். உள்ளே மைக்ரோபிராசசர். தூத்துக்குடியில் மைக்ரோபிராசசரைக் கண்ணால் பார்த்தவர்கள் அப்போது எத்தனை பேர் இருந்தார்களோ, நான் எண்ணிய வரையில் இரண்டு பேர், நானும் அந்தப் பெண்ணும். பெல்ட்டின் குறுக்கே ஒரு ஒளிக்கற்றை. மூட்டை அதை மறைத்தால் எண் ஒன்று கூடும். மின்சாரம் நின்றாலும் எண் மறக்காது. நினைவுச் சில்லுக்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி உண்டு. எனக்கு அந்தப் பெட்டி மேல் ஒரு மயக்கமே வந்துவிட்டது. எண்ணுகிறவனுக்கு எண்ணுகிற பெட்டியைப் பிடிக்காமல் போகுமா?

மூன்று வாரம் பெட்டியும் டாலி கிளார்க்கும் ஒரே எண்ணைச் சொன்னார்கள். நான்காவது வாரம் ஒரு கப்பல் நிறைந்து சனிக்கிழமை சாயங்காலம் புறப்பட்டது. அவர் புத்தகத்தில் 6,218. பெட்டியில் 6,618.

நானூறு மூட்டை வித்தியாசம். நானூறு என்றால் நான்கு லாரி.

கப்பல்காரன் கொடுத்த ரசீதிலும் 6,218தான். அதை வைத்து மேனேஜர் வேறு முடிவுக்கு வந்தார். நான்கு லாரி பெல்ட்டில் ஏற்றப்பட்டு, கப்பலுக்குப் போகாமல் வேறெங்கோ போயிருக்கிறது. டாலி கிளார்க் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். "கேட்ல நிக்கவன் யாரு? அவர் தெருக்காரன். அப்புறம் என்ன வேணும்?" என்றார். கிட்டங்கியில் மிச்சத்தை எண்ணிப் பார்க்கலாம் என்றால், உப்பளங்களிலிருந்து நாள் முழுக்க மூட்டை வந்துகொண்டே இருக்கிறது, எண்ணிப் பயனில்லை.

"பெட்டி சரியா இருக்கான்னு நீங்க டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுங்க. திங்கக்கிழமை எனக்கு வேணும்," என்றார் என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை பெல்ட் சும்மா இருந்தது. நான் போய், நான்கு சுமைக்காரர்களை வைத்து இருநூறு மூட்டையை ஓடவிட்டேன். நானும் எண்ணினேன், பெட்டியும் எண்ணியது. இருநூறு. திருப்பி ஓடவிட்டேன். இருநூறு. மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். எண் அப்படியே இருந்தது. ஐந்து முறை அணைத்தேன், ஐந்து முறையும் சரி. எனக்கு அதைவிட என்ன வேண்டும்? கருவிப் பதிவேட்டில் எழுதினேன்: "கருவி சோதிக்கப்பட்டது. எண்ணிக்கை சரி. வேறுபாட்டுக்குக் கருவி காரணமில்லை." கீழே கையெழுத்து.

திங்கட்கிழமை டாலி கிளார்க்கை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. அதில் என் பதிவேடுதான் சாட்சி. இருபத்திரண்டு வருஷ வேலை அவருக்கு. போகும்போது என் அறை வாசலில் நின்றார்.

"சார், நான் எண்ணினது ஆறாயிரத்து எரநூத்திப் பதினெட்டு. மாதா சத்தியம்."

"நான் இருநூறு மூட்டை ஓட்டிப் பாத்துட்டேன். பெட்டி தப்புப் பண்ணல," என்றேன்.

"நீங்க எரநூறு ஓட்டிப் பாத்தீக. நான் ஆறாயிரம் எண்ணினேன்," என்றார். போய்விட்டார்.

அது என்னைக் குத்தியது. ஆனாலும் எனக்கு என் எண்ணிக்கை மேல் நம்பிக்கை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தப் பெண் கிட்டங்கியிலிருந்து வந்தாள். மேசைக்கு முன்னால் நின்றாள். அவள் நின்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். சும்மா நிற்க மாட்டாள்.

"சார், ஞாயித்துக்கிழம டெஸ்ட் பண்ணினீங்கள்லா. அப்ப ஐஸ் பேக்டரி ஓடிச்சா?"

கிட்டங்கி மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஐஸ் பேக்டரி. மீன்களுக்கு ஐஸ் அடிக்கிற இடம். அதன் கம்ப்ரசர் கிளம்பும்போது மின்னழுத்தம் தாழ்ந்து எங்கள் கிட்டங்கி பல்புகள் ஒரு கணம் சிவந்து சுருங்கும். "ஐஸ்காரன் பெருமூச்சு விடுதான்," என்பார்கள் சுமைக்காரர்கள். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பெருமூச்சு. நான் எண்ணியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அது ஓடாது. இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. போட்டுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும், எல்லோரும் மாதா கோயிலில் இருப்பார்கள். மீன் இல்லை, ஐஸும் இல்லை. ஊருக்கே தெரிந்த விஷயம். நான் தாமிரபரணிப் பக்கத்து வயற்காட்டுக் குடும்பம். எனக்கு ஞாயிறு என்பது பெல்ட் சும்மா இருக்கிற நாள், அவ்வளவுதான். எல்லாவற்றையும் எண்ணிய நான், வாரத்தில் பல்பு ஒருமுறைகூடச் சிவக்காத ஒரே நாளைத் தேர்ந்தெடுத்துப் பெட்டியைச் சோதித்திருந்தேன்.

"ஓடல," என்றேன்.

அவள் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். "இந்தப் பெட்டி ஒவ்வொரு எண்ணையும் நாலு புள்ளியா எழுதி வைக்கி சார். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மதிப்பு. எட்டு, நாலு, ரெண்டு, ஒண்ணு. ரெண்டுங்கிற எண்ணுக்கு ரெண்டு மதிப்புள்ள புள்ளி மட்டும் எரியும். ஆறுன்னா நாலும் ரெண்டும் எரியும். இப்பப் பாருங்க. அவரு எண்ணினது ஆறாயிரத்து இருநூத்திப் பதினெட்டு. பெட்டி சொன்னது ஆறாயிரத்து அறுநூத்திப் பதினெட்டு. மத்த எண் ஒண்ணும் மாறல. நூறாம் இடத்துல ஒரே ஒரு புள்ளி கூடுதலா எரிஞ்சிருக்கு. நாலு லாரி இல்ல சார் இது. ஒரு புள்ளி."

நான் அந்தக் காகிதத்தை இன்றும் வைத்திருக்கிறேன். நூறு மூட்டை ஒரு லாரி என்று பழகிப்போன எங்கள் எல்லோருக்கும் நானூறு என்றதும் நான்கு லாரிதான் கண்ணில் தெரிந்தது. அவளுக்கு ஒரு புள்ளி தெரிந்தது.

பெட்டியைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்தோம். மின்னழுத்தத்தைக் கையால் திருகி ஏற்றி இறக்குகிற ஒரு டிம்மர்ஸ்டாட் எங்களிடம் இருந்தது. அவள் திருகினாள், நான் எண்ணினேன். சட்டென்று கீழே இறக்கி, சட்டென்று ஏற்றுவது. எட்டு முறை ஒன்றுமில்லை. பன்னிரண்டு, பதினைந்து, ஒன்றுமில்லை. பத்தொன்பதாம் முறை, 0050 என்றிருந்த எண் 0054 ஆயிற்று. அறையில் ஒரு மூட்டைகூட இல்லை.

காரணத்தை அவள் சொன்ன விதம்தான் எனக்கு இன்றும் வியப்பு. மைக்ரோபிராசசருக்கு ஐந்து வோல்ட் வேண்டும். வோல்ட்டே இல்லையென்றால் அது செத்துப்போகும். செத்தது எதையும் கெடுக்காது. நான் ஞாயிற்றுக்கிழமை சுவிட்சை அணைத்தது அதுதான். முழுச் சாவு, முழு உயிர். ஆனால் ஐந்து நான்கரையாகி, நான்காகி, உடனே ஐந்துக்குத் திரும்பினால்? அது சாகாது. அரைமயக்கத்தில் வேலை செய்யும். எந்தக் கட்டளையைப் படிக்கிறோம் என்று தெரியாமல் எதையோ படிக்கும். எங்கே எழுதுகிறோம் என்று தெரியாமல் எங்கேயோ எழுதும். நினைவுச் சில்லோ பேட்டரியின் தயவில் முழு விழிப்போடு இருக்கிறது. மயக்கத்தில் இருப்பவன் சொன்னதை அது அப்படியே எழுதிக்கொள்ளும்.

"அப்ப ரீசெட் எதுக்கு இருக்கு?" என்று கேட்டேன். மயங்கினவனை முதலிலிருந்து தொடங்க வைப்பதற்கென்று பிராசசருக்கு ஒரு கால், அதாவது ஒரு இணைப்பு முனை, உண்டு. அதன் வோல்ட்டைக் கீழே இழுத்துப் பிடித்தால் பிராசசர் எதுவும் செய்யாது. விட்டால் முதல் கட்டளையிலிருந்து ஒழுங்காகத் தொடங்கும்.

"ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான் வச்சிருக்காங்க. கரண்டு வரும்போது கெப்பாசிட்டர் மெதுவா நிறையும். நிறையுத வரைக்கும் ரீசெட். முழுசா அணைச்சுப் போட்டா அது போதும். ஆனா ஒரு கண்ணிமைப்புல வோல்ட்டு போய் வந்தா, கெப்பாசிட்டர் காலியாகவே நேரமில்ல. நிறைஞ்சுதான இருக்குன்னு அது பேசாம இருந்துருது. இங்கன யாருமே வோல்ட்டைப் பாக்கல சார். அதுதான் குறை."

புதன்கிழமை மேனேஜரிடம் போனோம். அவர் டிம்மர்ஸ்டாட்டைப் பார்த்ததும் கையை ஆட்டினார். "கையால திருகினா எந்தப் பெட்டியும் கெடும். இயல்பா நடக்கிறதக் காட்டுங்க. நாளை மறுநாள் விசாரணை, ஞாபகம் வச்சுக்கோங்க."

வியாழக்கிழமை காலை பெட்டியை அதன் இடத்தில் மாட்டினோம். பெல்ட்டை நிறுத்தினோம். ஒளிக்கற்றைக்குக் குறுக்கே நான் கையை முப்பத்தேழு முறை வீசினேன். முகப்பில் 0037. மேனேஜர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சுமைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்றார்கள். பதின்மூன்று பேர். அந்தப் பெண் ஐஸ் பேக்டரிக்குப் போய், அங்கே இருந்தவரிடம் கம்ப்ரசரை நிறுத்தி நிறுத்திப் போடச் சொன்னாள். மதிலுக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது.

"ஏளா, ஐஸ் உருகினா நீயா உறைய வைப்ப?"

"அண்ணாச்சி, உங்க தெரு டாலிக்காரருக்காகத்தான் கேக்கேன். அவருக்கு நாளைக்கு வேல போகுது."

அப்புறம் அவர் குரல்: "எத்தன தடவ போடணும்னு சொல்லு."

முதல் முறை பல்புகள் சிவந்தன. 0037. இரண்டாம் முறை. 0037. ஐந்தாம் முறை மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாம் முறை எழுந்து நின்றார். "போதும்," என்றார்.

"சார், மேசையில பத்தொன்பதாவது தடவதான் மாறிச்சு," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பத்தொன்பது தடவ உக்காந்திருக்க எனக்கு நேரமில்ல."

எட்டாம் முறை. 0037. அவர் நான்கு அடி நடந்துவிட்டார். ஒன்பதாம் முறை பல்புகள் சிவந்து திரும்பின. சுமைக்காரன் ஒருவன் கத்தினான்.

"ஏலே, எட்டு லாரி போயிருச்சுலே! பெல்ட்டே ஓடல! எல்லாவனையும் பிடிச்சு உள்ள போடச் சொல்லுங்க!"

முகப்பில் 0837.

மேனேஜர் திரும்பி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை, அந்தச் சுமைக்காரன் மட்டும், "நான் தூக்கல சார், சத்தியமா," என்றான். அப்போது மேனேஜரே சிரித்துவிட்டார். "அவர நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லுங்க. விசாரணை கிடையாது," என்றார்.

அவர் வந்தார். பத்துச் சிப்பியும் சட்டைப் பையில். வணக்கம் சொன்னேன், தலையை அசைத்தார். பெட்டியை நாங்கள் கழற்றிவிட்டதால் அவர் மட்டும் எண்ணினார்.

அடுத்த பதினோரு நாள் அந்தப் பெண் ஒரு சின்னப் போர்டு கட்ட உட்கார்ந்தாள். தீப்பெட்டி அகலம்தான் அது. சில பாகங்கள் மதராஸிலிருந்து தபாலில் வந்தன. மற்றவை எங்கள் டப்பாவிலேயே இருந்தன. அந்தப் போர்டின் வேலை இதுதான்: வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் ஐந்து வோல்ட்டைப் பார்த்தால் தாமதமாகிவிடும் என்றாள். ஐந்தாகக் குறைப்பதற்கு முன்னால் ஒன்பது வோல்ட் ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிற்கிறது. வீட்டில் மேல்தொட்டி மாதிரி. தொட்டியில் தண்ணீர் குறைவதைப் பார்த்துக்கொண்டால், குழாயில் நிற்பதற்கு முன்பே தெரிந்துவிடும். மாறாத ஒரு வோல்ட்டை ஒரு ஜீனர் டயோடு கொடுக்கிறது. தொட்டி அளவை அதோடு ஒப்பிட ஒரு கம்பேரேட்டர். குறி வைத்த அளவுக்குக் கீழே போனால், பிராசசர் இன்னும் தெளிவாக இருக்கும்போதே அதன் ரீசெட் காலை இழுத்துப் பிடித்துவிடும். கூடவே நினைவுச் சில்லின் கதவையும் சாத்திவிடும்.

முதலில் கட்டியது சரியாக வரவில்லை. குறியின் விளிம்பிலேயே வோல்ட் தத்தளித்தால், பிடிப்பதும் விடுவதுமாக அது நடுங்கியது. பிராசசர் பாதி எழுந்து, மறுபடி அடிபட்டு, மறுபடி எழுந்தது. நான் ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை என்று எண்ண முயன்று தோற்றுப்போனேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சார், டாலி அண்ணாச்சி சத்தம் நின்ன உடனே கைய இறக்க மாட்டாரு, கவனிச்சிருக்கீங்களா?"

கவனித்திருக்கிறேன். சராசரியாக நான்கு எண்ணும் நேரம்.

"அவரு முதல்ல பைய மூடுதாரு. பிறகு கையத் தூக்குதாரு. சத்தம் அடங்கினா போதாது, நல்லா அடங்கணும். அதுக்கப்புறமும் கொஞ்சம் நிக்காரு. நான் அடங்கின உடனே விடச் சொல்லிட்டேன். அதான் தப்பு."

இன்னொரு ரெசிஸ்டரைப் போட்டாள். இப்போது பிடிப்பதற்கு ஒரு அளவு, விடுவதற்கு அதைவிட மேலான ஓர் அளவு. வோல்ட் அந்த மேல் அளவைத் தாண்டிய பிறகும் கால் விநாடி காத்திருந்து விட ஒரு கெப்பாசிட்டர். இந்த முறை நான் அவளைவிட அதிகம் பயந்தேன். டிம்மர்ஸ்டாட்டை முன்னூறு முறை திருகச் சொன்னேன். இருநூற்று எண்பதில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மிச்சம் இருபதை நான் திருகினேன். 0050 அசையவே இல்லை. ஒவ்வொரு இறக்கத்திலும் சிவப்பு எண்கள் அணையும், கொஞ்சம் பொறுக்கும், அதே எண்ணோடு எரியும். அந்தப் பொறுக்கிற நேரத்தின் அழகை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேலை செய்யத் தெரிந்த கருவிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எப்போது வேலை செய்யக் கூடாது என்று தெரிந்த ஒன்றை அன்றுதான் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் பெட்டியைப் பெல்ட்டில் மாட்டினோம். காலையிலிருந்து மாலை வரை ஏற்றினார்கள். ஐஸ்காரன் ஆறு முறை பெருமூச்சு விட்டான். ஆறு முறையும் பெட்டி அணைந்து பொறுத்து எரிந்தது. முதல் முறை அணைந்தபோது டாலி கிளார்க் எண்ணுவதை நிறுத்தாமல் கடைக்கண்ணால் அதைப் பார்த்தார். மூன்றாம் முறை அவருடைய கையும் மேலே இருந்தது. மூட்டை ஒன்று சரிந்திருந்தது. கை இறங்கியதும் பெட்டி எரிந்ததும் ஏறக்குறைய ஒன்றாகவே நடந்தன. "இவன் யாரப் பாத்துப் படிச்சான்?" என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சாயங்காலம் அவர் புத்தகத்தில் 1,906. பெட்டியில் 1906. நானும் ஒதுக்குப்புறமாக நின்று எண்ணியிருந்தேன், யாரிடமும் சொல்லாமல். எனக்கு 1,904 வந்தது.

சுமைக்காரர்கள் எல்லோரும் போன பிறகு டாலி கிளார்க் என் அறைக்கு வந்தார். என் அலமாரியிலிருந்து கருவிப் பதிவேட்டை அவரே எடுத்தார். என் கையெழுத்து இருந்த பக்கத்தை விரித்து மேசையில் வைத்தார்.

"இதுக்குக் கீழ ஒண்ணு எழுதணும் சார்."

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே. எழுதியிருப்பேனே," என்றேன்.

"அன்னைக்குக் கேட்டா, பெட்டி கெட்டுப்போச்சுன்னு எழுதியிருப்பீக. பெட்டி மேல பழி போயிரும். அதுக்கு வாயா இருக்கு, பதில் சொல்ல? அது சரியாகட்டும்னு இருந்தேன். இப்ப சரியாயிருச்சு. இப்ப எழுதுங்க."

பேனாவை எடுத்தேன். எழுதினேன்: "மின்னழுத்தம் தாழும் நேரத்தில் கருவி சோதிக்கப்படவில்லை. டாலி எண்ணிக்கை 6,218 சரியானது." எழுதி முடித்து அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் விரலை வைத்துப் படித்தார். உதடு அசைந்தது. மூட்டை எண்ணுகிற அதே அசைவு.

"சோதிக்கப்படவில்லைன்னு இருக்கு," என்றார். "யாரு சோதிக்கல?"

அந்தப் பெண் தன் மேசையில் சால்டரிங் அயர்னை அணைத்துவிட்டு, அது ஆறட்டும் என்று காத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் பதிவேட்டை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். கடைசி வரிக்குக் கீழே இடம் கொஞ்சம்தான் இருந்தது. நெருக்கி எழுதினேன்: "சோதித்தவன் நான். தவறு என்னுடையது." மறுபடி கையெழுத்துப் போட்டேன்.

அவர் அதையும் விரல் வைத்துப் படித்தார். பதிவேட்டை மூடினார். எடுத்த இடத்திலேயே, எடுத்த வரிசையிலேயே அலமாரியில் வைத்தார்.

"நாளைக்கு எத்தன லாரி சார்?" என்று கேட்டார்.

"இருபத்திரண்டு," என்றேன்.